ஏழாம் காம்பராவின் கதவு

லயத்து வீட்டுக்கு வாசல் ஒன்றுதான். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய ரெட்டை லயங்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு வரிசை. காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு. பின்சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம் இருந்ததால் பின்கதவும் கிடையாது, பின்ஜன்னலும் கிடையாது. வெளிச்சம் வந்தது, அடுப்புப் புகை போனது, கலியாணப் பெண் வந்தது, பிரேதம் போனது எல்லாம் அந்த ஒரே கதவால்தான். வீடு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கூரையோ சுவரோ நினைவுக்கு வருவதில்லை. ஒரு பச்சைக் கதவுதான் வரும்.

இறக்குவானைக்கும் கஹவத்தைக்கும் நடுவில் மேட்டிலும் பள்ளத்திலுமாகக் கிடந்த றப்பர் தோட்டம் எங்களுடையது. மேலே கொஞ்சம் தேயிலையும் இருந்தது. அந்த லயத்தில் ஏழாம் காம்பராவில் இப்போது தம்பி குடும்பம் இருக்கிறது. போன வைகாசி மழைக்கு முன்னால் அவன் கதவை மாற்றினான். கழற்றி இஸ்தோப்பில் சாத்தி வைத்த பழைய கதவைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினான். அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஐந்து பலாப் பலகை, குறுக்கே மூன்று சட்டம், அவ்வளவுதான் கதவு. சாய்வுச் சட்டம் வைக்காமல் செய்ததால் வருடம் போகப் போக ஒரு முனை தொங்கித் தரையில் உரசும். உரசிய இடத்தில் சாணம் மெழுகிய தரையில் பிறை போல ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பிணைச்சல் என்றால் கடையில் வாங்கும் சோடி அல்ல. கதவில் அடித்த இரும்புப் பட்டையின் நுனியில் ஒரு வளையம். நிலையில் அறைந்த முளையில் அந்த வளையத்தைத் தூக்கி மாட்டுவார்கள். இரண்டு பேர் பிடித்துத் தூக்கினால் கதவு கையோடு வந்துவிடும். மேல் பட்டை துருப்பிடித்து ஒடிந்தபோது அப்பா பழைய லொறி டயரில் ஒரு துண்டு வெட்டி அடித்தார். அந்தத் துண்டு கடைசி வரைக்கும் இருந்தது.

கதவின் நெற்றியில் வெள்ளை மையால் இரண்டு இலக்கம் போட்டிருந்தது. மேலே லயத்தின் இலக்கம், கீழே காம்பராவின் இலக்கம். அந்த இலக்கத்துக்கு ஒரு கடிதமும் வந்ததில்லை. தபால் எல்லாம் தோட்டத்து ஆபீஸுக்குத்தான் வரும். அங்கிருந்து யார் கையிலாவது வந்து சேர்ந்தால் உண்டு. பாஸ்போர்ட் விஷயமாக வந்த கடிதம் பல நாள் கழித்து அவிழ்த்த உறையோடு கிடைத்த வீடுகளை எனக்குத் தெரியும்.

இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும். இலங்கையின் மிக நனைந்த பிரதேசங்களில் அது ஒன்று. பலகை நீர் குடித்து ஊதி, ஆனி ஆடியில் கதவு நிலைக்குள் இறங்காது. அப்பா தோளைக் கொடுத்து இடிப்பார். மாசியில் அதே பலகை வற்றி, இடைவெளி வழியே பனிக்காற்று உள்ளே வரும். அம்மா அந்த இடைவெளிகளில் பழைய கம்பளித் துண்டை முறுக்கிச் செருகுவாள். அடிப்பலகை உளுத்தபோது மண்ணெண்ணெய்த் தகரத்தை விரித்து அடித்தோம். மழை அடிக்கிற இரவில் அந்தத் தகரத்தில் நீர் தெறிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே படுத்திருப்போம். மறுநாள் விடிந்தும் மழை விடாவிட்டால் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லையென்றால் பேர் இல்லை, அன்றைய கூலி இல்லை. ஆகவே அந்தச் சத்தம் பெரியவர்களை உறங்க விடாது.

றப்பர் பால் விடியலின் குளிரில்தான் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் வெட்டுவாய் அடைத்துக்கொள்ளும். அதனால் எங்கள் லயத்துக் கதவுகள் இருட்டிலேயே திறந்துவிடும். வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்குத் தப்புச் சத்தம் கேட்கும்போது அப்பாவின் அம்மா, எங்கள் அப்பாயி, வாளியும் கத்தியுமாக இஸ்தோப்பில் நிற்பாள். ஒருவருக்கு முந்நூறு மரத்துக்குக் கிட்ட. வெட்டி, சிரட்டை வைத்து, திரும்ப நடந்து பால் சேர்த்து, பால் ஸ்டோருக்குத் தூக்கிப் போய் அளந்து கொடுத்துவிட்டு அவள் திரும்பும்போது முந்தானையில் ஒட்டுப்பால் நாற்றம் அடிக்கும். வாளியைக் கதவின் ஆணியில் மாட்டுவாள். அந்த நாற்றம் பலகைக்கும் ஏறியிருந்தது. எத்தனை பச்சை மை பூசினாலும் போகவில்லை.

தம்பி அனுப்பிய படத்தில் கதவின் உட்பக்கம் தெரிந்தது. நடுச்சட்டத்துக்குக் கீழே, மைக்கு அடியில், வரிவரியாகக் கீறல்கள். "அண்ணே, இது என்னா கோடு? எலி கடிச்சதா?" என்று கேட்டிருந்தான். அவன் பிறப்பதற்கு முன்னமே அப்பாயி போய்விட்டாள்.

அது அப்பாயியின் கணக்கு. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும் பால்கத்தியின் முனையால் கதவில் ஒரு கோடு போடுவாள். முழுப் பேர் போட்டால் நீளக் கோடு. பால் குறைந்தது, நேரம் பிந்தியது என்று அரைப் பேர் போட்டால் பாதிக் கோடு. மாதக் கடைசியில் அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து எண்ணச் சொல்லுவாள். வேலைநாள் பதியும் செக்றோலில் கணக்கப்பிள்ளை போட்ட பேருக்கும் கதவில் இருக்கும் பேருக்கும் ஒத்துவராத மாதங்கள் உண்டு. சம்பளம் போடும் நாளில் மேசைக்கு முன்னால் நின்று, "எங்கணக்குல இருவத்திரெண்டரை இருக்குங்க, ஐயா பத்தொம்பதுன்னு வாசிக்கிறீங்களே" என்று சொல்லுவாளாம். அதற்காக அவள் ஒரு தரம் நாள் முழுக்க ஆபீஸ் முற்றத்தில் காத்து நின்றாள். இரண்டு பேரைத் திரும்ப வாங்கிக்கொண்டுதான் வந்தாள். மற்றக் காம்பராக்களில் கரியால் கோடு போட்டார்கள். தோட்டத்திலிருந்து வருடாவருடம் மை பூச வரும்போது கரிக்கோடு அழிந்துவிடும். அப்பாயி கத்தியால் கீறினாள். எங்கள் குடும்பத்தில் எழுதி வைக்கப்பட்ட முதல் ஆவணம் என்று நான் அதைத்தான் சொல்வேன்.

"எலி இல்லடா. அப்பாயி செஞ்ச வேலையோட கணக்கு" என்று எழுதினேன். அந்தப் பலகையை மட்டும் எடுத்து வை என்றும் எழுதினேன்.

பேசிக்கொண்டே போனால் அந்தக் கதவு தூக்கப்பட்ட நாட்கள்தான் வரிசையாக வருகின்றன. அத்தைக்குப் பிரசவ வலி எடுத்து, பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று தோட்டத்து மருத்துவிச்சி கையை விரித்த இரவில், மாமாவும் அப்பாவும் கதவை முளையிலிருந்து கழற்றி, மேலே கம்பளி விரித்து, அத்தையைக் கிடத்திப் பெரிய ரோட்டுக்குத் தூக்கிப் போனார்கள். நாலு பேர் தோளில் கதவு, முன்னால் பந்தத்தோடு ஒருவர். தோட்டத்து லொறி அன்று கிடைக்கவில்லை. விடியும் வரை எங்கள் காம்பரா வாசல் வெறுமனே திறந்து கிடந்தது. அப்பாயி வாசற்படியில் குந்தியிருந்தாள். பிள்ளை பிழைத்தது. இன்று அந்தப் பிள்ளை கொழும்பில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வைக்காரி. கதவில் போன பிள்ளை என்றுதான் லயத்தில் அவளைச் சொல்வார்கள்.

வாக்குக் கேட்டு யாரும் தட்டாத கதவு அது. 1947 தேர்தலில் தோட்டத்து மக்கள் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியன் காங்கிரஸிலிருந்து 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதன்பிறகு பல காலம் வாக்காளர் பட்டியலில் எங்கள் பெயர்கள் இருக்கவில்லை. நான் சிறுவனாக இருந்தபோது தேர்தல் கார்கள் ஒலிபெருக்கியோடு பெரிய ரோட்டில் கிராமத்துப் பக்கம் போவதை இஸ்தோப்பில் நின்று பார்ப்போம். லயத்துப் பாதைக்கு ஒன்றும் திரும்பாது.

திரும்பி வந்தவை வேறு காகிதங்கள். 1964 அக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்களைப் பிரித்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்பது கணக்கு. 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். எங்கள் பெரியப்பாவுக்கு இந்தியா விழுந்தது, அப்பாவுக்கு இலங்கை விழுந்தது. ஒரே காம்பராவில், நடுவில் சாக்குத் திரை கட்டி வாழ்ந்த அண்ணன் தம்பி.

பெரியப்பா புறப்படுவதற்கு முன்னால் பஞ்சம். 1973, 74 காலத்தில் கூப்பன் அரிசி குறைந்து, மா கிடைக்காமல், தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. பெரியம்மாவின் சீர் வெண்கலக் குடம், அண்டா, குத்துவிளக்கு எல்லாம் ஒவ்வொன்றாகக் கிராமத்துக்கு விலை போயின. ஆகவே பெரியப்பா குடும்பம் புறப்பட்டபோது தூக்க அதிகம் சாமான் இருக்கவில்லை. கொழும்புக் கோட்டையில் கோச்சி ஏறினார்கள். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் போன இரயிலை அழுகைக் கோச்சி என்று சனம் சொன்னது. கோட்டையில் ஏறியதும் அதே அழுகைதான். தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல், அக்கரையில் இராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு நீலகிரி. தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டத்தில், கூடலூர்ப் பக்கம் வேலை கிடைத்தது. அங்கும் லயம்தான் என்று பெரியப்பா எழுதினார். ஆனால் கதவுக்கு உள்ளே கொண்டி இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்திருந்தார்.

எங்கள் கதவுக்கு உள்கொண்டி இருக்கவில்லை. வெளியே பூட்டுப் போட மட்டும் நாதாங்கி. உள்ளே விறகுக் கட்டையை முட்டுக் கொடுத்துப் படுப்போம். ஒரு காம்பராவுக்குள் தாய் தகப்பனும் வளர்ந்த பிள்ளைகளும் பாட்டியும் எப்படிக் கூச்சத்தோடு இரவைக் கழித்தார்கள் என்பதைத் தெளிவத்தை ஜோசப் ‘மீன்கள்’ சிறுகதையில் எழுதியிருக்கிறார். சி.வி. வேலுப்பிள்ளை தன் நாவலொன்றுக்கு ‘வீடற்றவன்’ என்றே பெயர் வைத்தார். வெளியே இருந்து வருகிறவர்கள் லயத்தின் புகையையும் ஒழுக்கையும் பார்த்துப் போனார்கள். உள்ளே தாழிட முடியாத கதவின் அவமானத்தை இந்த இருவரும்தான் சரியாகப் பார்த்தார்கள் என்பது என் எண்ணம்.

1981 ஆகஸ்ட். இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் தமிழர் மீது அடி விழுந்த மாதம். 1977 கலவரத்தில் ஒரு தரம் ஓடி ஒளிந்த அனுபவம் பெரியவர்களுக்கு இருந்தது. கீழ்டிவிசனில் நெருப்புத் தெரிகிறது என்று சத்தம் வந்ததும் லயமே றப்பர் மலைக்கு ஏறியது. அப்பா அவசரமாகக் கதவைச் சாத்திப் பூட்டப் போனார். அப்பாயி கையைப் பிடித்தாள்.

"பூட்டாதடா. பூட்டுனா உள்ள என்னமோ இருக்குன்னு ஒடைப்பானுங்க. தொறந்து போட்டுட்டு வா."

திறந்து போட்டுவிட்டுப் போனோம். இரண்டு இரவு மரங்களுக்கு இடையில் அட்டைக்கடியில் கிடந்தோம். வாய் விட்டு அழுத கைக்குழந்தைகளின் வாயைத் தாய்மார் பொத்தியது எனக்குக் கண்முன் நிற்கிறது. திரும்பி வந்தபோது பூட்டியிருந்த காம்பராக்கள் எல்லாம் உடைந்து கிடந்தன. மூன்று காம்பராக்களுக்குக் கூரைத் தகரம் இல்லை. எங்கள் காம்பராவில் சட்டி பானை தவிர எல்லாம் போயிருந்தது; கதவும் இருக்கவில்லை. தூக்கினால் கழன்றுவிடும் கதவல்லவா.

அடுத்த நாள் மத்தியானம் கிராமத்திலிருந்து பாஸ் வந்தார். தோட்டத்துக்கும் தச்சு வேலை செய்கிற சிங்களவர், அப்பாவுக்குப் பழக்கம். தோளில் எங்கள் கதவு. ஓடைக்கரையில் போட்டிருந்தார்களாம், நடுவில் கோடு இருந்ததைப் பார்த்து யாருடையது என்று அடையாளம் பிடித்தாராம். அவரே முளையில் மாட்டினார். உள்பக்கம் ஒரு இரும்புக் கொண்டியும் அடித்தார். காசு வாங்கவில்லை. அப்பாயி கொடுத்த தேத்தண்ணீரை நின்றுகொண்டே குடித்துவிட்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் இறங்கிப் போனார். அந்த வருடம் எங்கள் லயத்தில் பாதிக் குடும்பம் வவுனியாப் பக்கம் காடு வெட்டப் போய்விட்டது. நாங்கள் போகாமல் இருந்ததற்கு அந்தக் கொண்டியும் ஒரு காரணம் என்று அம்மா சொல்லுவாள்.

1970களில் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1992இல் மறுபடி கம்பெனிகளுக்குப் போயின. பலகையில் பெயர் மாறியது, துரை மாறினார், சம்பளத் துண்டின் நிறம் மாறியது. கதவு மாறவில்லை. உளுத்த அடிப்பலகைக்காக அப்பா சங்கத் தலைவரைக் கொண்டு எழுதிய கடிதங்களுக்குப் பதிலாக, ஒரு நாள் ஒருவர் வந்து தேயிலைப் பெட்டிப் பலகையை வைத்து நாலு ஆணி அடித்துப் போனார். சொந்தக் காசில் மாற்றவும் அப்போது விடமாட்டார்கள். காம்பரா தோட்டத்தின் சொத்து; கதவில் கை வைத்தால் காம்பராவில் கை வைத்த மாதிரி. இப்போது நிர்வாகம் அதைப் பற்றிக் கேட்பதில்லை. செய்துகொள், ஆனால் பிறகு நட்டஈடு கேட்காதே என்பது நடைமுறை.

தம்பி மாற்றிய கதையைக் கொஞ்சம் விபரமாகச் சொல்ல வேண்டும். பழைய லயத்தில் கதவு மாற்றுவது கடையில் கதவு வாங்கி மாட்டுகிற வேலை இல்லை. சுவர் கருங்கல்லும் மண்ணும். நிலையை அந்தக் காலத்தில் சுவரோடு சேர்த்தே எழுப்பிவிட்டார்கள். அதை இழுத்தால் மேல்கல் இறங்கும். மேல்கல் இறங்கினால் பக்கத்துக் காம்பராவின் கூரைச் சட்டமும் கூடவே இறங்கும். ஆகவே முதலில் மேலே முட்டுக் கொடுத்தார்கள். நிலையின் இரண்டு காலையும் நடுவில் வாளால் அறுத்து, துண்டு துண்டாகப் பெயர்த்து எடுத்தார்கள். தலைக்கட்டையைத் தொடவில்லை, அது வைரம் ஏறிய பலா, இன்னும் ஒரு தலைமுறைக்குத் தாங்கும் என்றாராம் பாஸ். தரையை இரண்டு தரம் சீமெந்து போட்டு உயர்த்தியிருந்ததால் வாசல் ஆறடிக்கும் குறைந்துவிட்டது. கடைக்கதவு எதுவும் இறங்காது. அளவெடுத்துச் செய்ய வேண்டியதாயிற்று. றப்பர் மரம் வீட்டைச் சுற்றி நிற்கிறது, ஆனால் பதப்படுத்தாத றப்பர்ப் பலகையை வண்டு அரித்துவிடும், மழைக்குப் பூஞ்சணம் பிடிக்கும், வெளிக்கதவுக்கு ஆகாது. மறுபடியும் பலாதான். இந்த முறை சாய்வுச் சட்டம் வைத்து, அடியில் நீர் வடிய ஒரு சரிவும் எடுத்து, பிணைச்சல் மூன்று போட்டார்கள். உள்ளே இரண்டு தாழ்ப்பாள்.

வேலை செய்த பாஸ், அன்று கதவைச் சுமந்து வந்தவரின் மகன். தகப்பன் அடித்த கொண்டியைக் கழற்றிப் பார்த்து, எண்ணெய் போட்டு, அதையே புதுக் கதவிலும் அடித்திருக்கிறார். தம்பி கேட்காமலே செய்தாராம்.

எங்கள் பக்கத்தில் இனிக் கதவை விட மலைதான் பயம். 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் மலை சரிந்து ஊர்கள் புதைந்தன. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் ஒரு தோட்டத்து லயமும் மண்ணுக்குள் போனது. அதன்பிறகு ஒவ்வொரு வைகாசியிலும் இந்தக் காம்பராவை விட்டு எழும்பு என்று அறிவித்தல் வருகிறது. எழும்பி எங்கே போவது என்பதற்குப் பள்ளிக்கூடத்து மண்டபத்தைத் தவிர விடை வருவதில்லை. மழை விட்டதும் சனம் அதே லயத்துக்குத் திரும்பி வருகிறது.

7 பேர்ச் காணியும் தனி வீடும் என்ற பேச்சு வந்து பல வருடம் ஆகிவிட்டது. இந்திய உதவியில் முதலில் வந்த 4,000 தோட்ட வீடுகள் மத்திய, ஊவா மாகாணங்களுக்குப் போயின. 2017இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் இன்னும் 10,000 வீடு என்று அறிவித்தார். எங்கள் தோட்டத்தில் இன்று வரை ஒரு அத்திவாரமும் வெட்டவில்லை. இரத்தினபுரி, கேகாலை சேர்ந்த சபரகமுவவில் நாங்கள் சிதறிக் கிடக்கிறோம்; ஒரு தொகுதியை வெல்லவோ தோற்கடிக்கவோ எங்கள் தொகை போதாது. அதனால் வரிசையில் கடைசியில் நிற்கிறோம். தம்பி தன் சேமிப்பையும் மனைவியின் சீட்டுக் காசையும் போட்டு அந்தக் கதவைச் செய்திருக்கிறான். செய்த கதவு அவனுடையது. அது தொங்கும் சுவரும், நிற்கும் நிலமும் அவனுடையவை அல்ல. தோட்டத்தில் வேலை விட்டால், நாளை யாராவது ஒரு கடிதம் கொடுத்து எழும்பச் சொன்னால், காட்ட அவனிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

வீடமைப்புக்குப் பொறுப்பாக இருக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களைக் கடைசிக்கு ஒதுக்காதீர்கள். புது வீடு கட்டித் தரும்வரை, ஆபத்தில்லாத மேட்டில் இருக்கும் லயக்காம்பராக்களுக்காவது குடியிருப்பவரின் பெயரில், பெண்ணின் பெயரையும் சேர்த்து, உறுதி எழுதிக் கொடுங்கள். தபால் வந்து சேர அந்தக் கதவுக்கு ஒரு விலாசமும் கொடுங்கள்.